ஒரே நாளில் எச்.ஐ.வி. மாத்திரையும் சுகர் மாத்திரையும்: ஒருங்கிணைந்த சிகிச்சை, எளிய விளக்கம்

எச்.ஐ.வி.க்கு மாத்திரை எடுப்பவருக்கு எதனால் உயிருக்கு ஆபத்து வரும் என்று கேட்டால், பலரும் யோசிக்காமல் எச்.ஐ.வி.யால் என்றே சொல்வார்கள். தினமும் தவறாமல் மாத்திரை போட்டு, ரத்தத்தில் வைரஸ் அடங்கியிருக்கும் ஒருவருக்கு அந்தப் பதில் பெரும்பாலும் பொருந்தாது. அவர் இன்று ஐம்பது வயதைத் தாண்டியிருக்கலாம். பேரன் பேத்தி எடுத்திருக்கலாம். அவரை இப்போது மிரட்டுவது மாரடைப்பு, பக்கவாதம், சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு போன்றவை. அவருடைய பக்கத்து வீட்டுக்காரரை மிரட்டுவதும் இவைதான்.

ஆனால் அவர் எச்.ஐ.வி. மாத்திரை வாங்கும் இடம் ஒன்று, சுகர் மாத்திரை வாங்கும் இடம் வேறொன்று. அங்கே இருக்கும் மருத்துவருக்கு இங்கே என்ன எழுதிக்கொடுத்தார்கள் என்று தெரியாது. இந்த இரண்டு சிகிச்சைகளையும் ஒரே ஆளுக்கான ஒரே சிகிச்சையாகத் திட்டமிட்டுத் தருவதைத்தான் ஒருங்கிணைந்த சிகிச்சை என்கிறார்கள். கேட்க எளிதாக இருக்கிறது. நடைமுறையில் ஏன் கடினம், எங்கே கவனம் தேவை என்பதைச் சென்னையை வைத்தே பார்க்கலாம்.

தனி வழி எப்படி உருவானது

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது சென்னையில்தான். 1986-இல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகளில் அது தெரியவந்தது. அப்போது இதற்கு மருந்தே கிடையாது. பிற்பாடு மருந்து வந்தபோதும் சாதாரண ஆள் வாங்கும் விலையில் இல்லை. நோயாளியைத் தொடப் பயந்தவர்கள் மருத்துவமனைகளுக்கு உள்ளேயே இருந்தார்கள்.

அப்படிப்பட்ட காலத்தில் எச்.ஐ.வி.க்கென்று தனி அமைப்பு உருவாக்கியது சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன். 1992-இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு வந்தது. 1994-இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் வந்தது. 2004 ஏப்ரல் 1 அன்று மத்திய அரசு இலவசக் கூட்டு மருந்து சிகிச்சையை எட்டு மருத்துவமனைகளில் தொடங்கியபோது, அவற்றில் ஒன்று தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை. தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்துக்குப் பெயர் தந்த அதே இடம்.

அந்த மருத்துவமனையின் கதையில் நம் விஷயத்துக்கு ஒரு பாடமும் இருக்கிறது. 1928-இல் காசநோய் சானடோரியமாகத் தொடங்கியது அது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு அதிகமாக வரும் தொற்று காசநோய் என்பதால், இருமலோடு வந்தவர்களில் எச்.ஐ.வி. உள்ளவர்களும் வந்தார்கள். இரண்டு நோய்க்கும் ஒரே வளாகத்தில் வைத்தியம் பார்க்க வேண்டிய தேவை தானாகவே உண்டானது. இன்று எச்.ஐ.வி. மாத்திரை வாங்க வருகிறவரிடம் நான்கு கேள்விகள் கேட்பது வழக்கம்: இருமல், காய்ச்சல், எடைக் குறைவு, இரவில் வியர்வை, இவற்றில் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் உடனே காசநோய்ப் பரிசோதனை. இப்போது பி.பி.க்கும் சுகருக்கும் செய்யச் சொல்வதும் இதையேதான்.

தனி அமைப்பால் நல்லது நிறைய நடந்தது. தனி ஆலோசகர், தனிப் பதிவேடு, தனி மருந்து விநியோகம் எல்லாம் வந்தன. பரிசோதனைக்கு நம்பிக்கை மையம், கூட்டு மருந்து சிகிச்சைக்கு ஏ.ஆர்.டி. மையம் என்று பாதை தெளிவாக இருந்தது. மாத்திரை வாங்க வராதவரைப் போனில் கூப்பிட்டு, 'ஏன் வரலை?' என்று கேட்க ஆள் இருந்தார்கள். நம் ஊரில் வேறெந்த நீண்டகால நோய்க்கு இப்படிக் கேட்டார்கள்? 2004-இல் எதிர்ப்பு அணுக்கள் 200-க்குக் கீழே இறங்கிய பிறகே பெரும்பாலோருக்கு மருந்து தொடங்கினார்கள். 2017 முதல் எச்.ஐ.வி. உறுதியானாலே மருந்து உண்டு. ஆட்கள் பிழைத்தார்கள். பிழைத்தவர்களுக்கு வயதாகிறது. அங்கேதான் தனி வழியின் போதாமை தெரிகிறது.

சர்க்கரையும் பி.பி.யும் ஏன் இங்கே வருகின்றன

முதல் காரணம் வயது. இரண்டாவது காரணம் நம் ஊர். சென்னை ஆய்வாளர்கள் முன்னின்று நடத்தி 2023-இல் வெளியான தேசிய ஆய்வு, இந்தியாவில் ஏறத்தாழ 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல் ரத்த அழுத்தம் இருந்தது. எச்.ஐ.வி. உள்ளவர்கள் இந்தக் கணக்குக்கு வெளியே வாழவில்லை.

மூன்றாவது காரணம் எச்.ஐ.வி.யோடு நேரடியாகத் தொடர்புடையது. வைரஸ் அடங்கியிருந்தாலும் உடலின் எதிர்ப்பு மண்டலம் முழுதாக ஓய்வதில்லை. குறைந்த அளவில் ஓர் அழற்சி தொடர்ந்துகொண்டே இருக்கும். அது ரத்தக் குழாய்களின் உட்சுவரைப் பாதிக்கிறது. எச்.ஐ.வி. உள்ளவருக்கு இதய நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு என்பது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. 2023-இல் வெளியான ஒரு பெரிய சோதனையில் இந்தியா உட்பட 12 நாடுகளைச் சேர்ந்த எச்.ஐ.வி. உள்ளோர் 7,769 பேர் கலந்துகொண்டார்கள். தினமும் பிடாவாஸ்டாடின் என்ற கொழுப்பு மாத்திரை எடுத்தவர்களுக்கு, எடுக்காதவர்களைவிட மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் 35 சதவீதம் குறைந்தன. அதாவது, இந்த ஆபத்து தடுக்கக்கூடியது.

நான்காவது, மருந்துகள். பழைய எச்.ஐ.வி. மருந்துகள் சிலவற்றால் கொழுப்பும் சர்க்கரையும் ஏறின. இன்றைய டோலுடெக்ராவிர் அவற்றைவிட மிக நல்ல மருந்து. ஆனாலும் சிலருக்கு அதனால் எடை கூடுகிறது. எடை கூடினால் சுகரும் பி.பி.யும் எட்டிப் பார்க்கும். எடை கூடுகிறது என்பதற்காக யாரும் தானாக மருந்தை நிறுத்திவிடக் கூடாது. எடையைப் பார்த்து, சுகரைச் சோதித்து, உணவும் நடையும் பற்றிப் பேச ஒருவர் வேண்டும். அவ்வளவுதான்.

இரண்டு மருத்துவர்களுக்கு நடுவில் விழும் மாத்திரை

ஒருங்கிணைப்பு ஏன் அவசரம் என்று யாராவது கேட்டால் நான் முதலில் எடுத்துச் சொல்வது மாத்திரைகளைப் பற்றித்தான்.

கற்பனையாக ஒரு பெண்ணை வைத்துக்கொள்வோம். வயது 54. வியாசர்பாடியில் வீடு, இரண்டு வீடுகளில் சமையல் வேலை. பல வருடங்களாக எச்.ஐ.வி. மாத்திரை எடுக்கிறார். இப்போது தரப்படுவது ஒரே மாத்திரை. அதற்குள் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் என்று மூன்று மருந்துகள் இருக்கின்றன. இரவு ஒன்று போட்டால் போதும். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவருக்குச் சுகர் என்று கண்டுபிடித்து மெட்ஃபார்மின் எழுதுகிறார்கள். எச்.ஐ.வி. பற்றி அங்கே அவர் சொல்லவில்லை. சொல்லாததற்கு அவரைக் குறை சொல்லவும் முடியாது. அதே தெருக்காரர்கள் வந்து உட்காரும் இடம் அது.

டோலுடெக்ராவிர் மெட்ஃபார்மினின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். அதனால் இரண்டும் சேரும்போது மெட்ஃபார்மின் ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது வழக்கம். சுகர் இறங்கவில்லை என்று சுகாதார நிலையத்தில் அளவைக் கூட்டினால், கூட்டுகிறவருக்கு இந்த விஷயம் தெரிந்திருக்காது. அப்புறம் மூட்டு வலிக்குக் கால்சியம், ரத்த சோகைக்கு இரும்புச் சத்து மாத்திரை, நெஞ்செரிச்சலுக்கு ஜெலுசில் மாதிரி ஒரு மருந்து. இவை டோலுடெக்ராவிரோடு ஒன்றாகப் போனால் அது உடலில் சேராமல் தடுக்கும். டோலுடெக்ராவிரை இவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ, 6 மணி நேரம் பின்போ போட வேண்டும். கால்சியமும் இரும்பும் மட்டும் சாப்பாட்டோடு சேர்த்து எடுத்தால் ஒன்றாகப் போடலாம். இந்த ஒரு வரியைச் சொல்ல ஆளில்லாமல் வைரஸ் மறுபடி தலைதூக்கும் வாய்ப்பு உண்டு.

சிறுநீரகத்துக்கு வருவோம். சர்க்கரை நோய் சிறுநீரகத்தைப் பாதிக்கும், பி.பி.யும் பாதிக்கும். டெனோஃபோவிரும் சிலருக்குப் பாதிக்கும், அதனால்தான் கிரியாட்டினின் பரிசோதனை செய்கிறார்கள். இத்தோடு மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் கிடைக்கும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையும் அடிக்கடி சேர்ந்தால் சுமை நான்காகிறது. வீடு பெருக்கித் துடைத்து, பாத்திரம் தேய்த்துக் கை கால் வலிக்கிறவர் வலி மாத்திரை போடாமல் என்ன செய்வார்? அவரிடம் கனிவாக, 'அக்கா, வலிக்கு ஏதாவது மாத்திரை போடறீங்களா? கடையில வாங்கினதா இருந்தாலும் சொல்லுங்க' என்று கேட்கும் செவிலியர்தான் அங்கே முதல் பாதுகாப்பு.

முதல் மருந்துகள் பலன் தராமல் போனபின் தரும் இரண்டாம் கட்ட சிகிச்சையில் ரிடோனாவிர் சேர்ந்த மருந்து எடுப்பவர்களுக்கு இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். கொழுப்புக்குத் தரும் சிம்வாஸ்டாடினை அதோடு சேர்த்துத் தரவே கூடாது. மூட்டில் போடும் சில ஸ்டீராய்டு ஊசிகளின் வீரியம்கூட ரிடோனாவிரால் பல மடங்காகிவிடும்.

இதற்கெல்லாம் பயந்துவிட வேண்டாம். எல்லா மருந்தும் எல்லா மருந்தோடும் மோதுவதில்லை. பி.பி.க்குப் பரவலாகத் தரும் அம்லோடிபினை அந்தப் பெண் எடுக்கும் ஒற்றை மாத்திரையோடு தாராளமாகத் தரலாம். யாராவது ஒருவர் முழுப் பட்டியலையும் ஒருசேரப் பார்க்க வேண்டும் என்பதுதான் தேவை.

எப்படியெல்லாம் சேர்க்கலாம்

ஒருங்கிணைப்பு என்றதும் ஏ.ஆர்.டி. மையத்தை மூடிவிட்டு எல்லோரையும் பொது ஓ.பி.க்கு அனுப்புவது என்று சிலர் பயப்படுகிறார்கள். அப்படி ஒரே ஒரு வடிவம் இல்லை.

ஆகக் குறைந்தது, சீட்டு எழுதி அனுப்புவது. ஏ.ஆர்.டி. மையத்தில் பி.பி. பார்த்து, அதிகமாக இருந்தால் மருத்துவப் பிரிவுக்குப் போகச் சொல்வார்கள். இந்தியாவின் எச்.ஐ.வி. சிகிச்சை வழிகாட்டுதல்களிலும் பி.பி., ரத்த சர்க்கரை, கொழுப்பு, கிரியாட்டினின் ஆகியவை இருக்கின்றன. ஆனால் சீட்டு கையில் இருப்பதும் அந்த வரிசையில் போய் நிற்பதும் வேறு வேறு. ராஜீவ் காந்தி மருத்துவமனையிலோ ஸ்டான்லியிலோ ஒரு காலைப்பொழுதை இங்கே செலவழித்தவர் இன்னொரு வரிசைக்கு இன்னொரு நாள் லீவு போட வேண்டும். தினக்கூலிக்கு லீவு என்றால் அன்றைய சம்பளம் போய்விட்டது என்று அர்த்தம். கடலூரிலிருந்தோ திருவள்ளூரிலிருந்தோ, சொந்த ஊரில் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று சென்னை வந்து மாத்திரை வாங்குகிறவருக்கு ரயில் செலவும் சேரும்.

அடுத்தது, ஒரே வளாகத்தில் ஒரே நாளில் இரண்டையும் முடித்துத் தருவது. அதைவிட நெருக்கமானது, ஏ.ஆர்.டி. மையத்திலேயே சுகரும் பி.பி.யும் பார்த்து, அதற்கான மாத்திரையையும் அங்கேயே கொடுத்து அனுப்புவது. சென்னைக்கு இப்போதைக்கு இதுதான் பொருத்தம் என்பது என் கருத்து. நோயாளியின் விஷயம் தெரிந்த, அவர் ஏற்கெனவே நம்பும் ஆட்கள் அங்கேதான் இருக்கிறார்கள். புதிதாக யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதில்லை.

இதில் ஒரு நிர்வாகச் சிக்கல் உண்டு. வெளியில் தெரியாத சிக்கல், ஆனால் முக்கியமானது. எச்.ஐ.வி. மாத்திரை தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் வழியாக வருகிறது. மெட்ஃபார்மினும் அம்லோடிபினும் மாநில அரசின் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வழியாக வருகின்றன. இரண்டுக்கும் வேறு வேறு கணக்கு, வேறு வேறு பதிவேடு. ஏ.ஆர்.டி. மையத்தின் மருந்தாளுநர் தன் அலமாரியில் சுகர் மாத்திரை வைக்க வேண்டுமானால், எத்தனை பேருக்கு எவ்வளவு என்று யாராவது முன்கூட்டியே கணக்குப் போட்டு மாநிலத் தரப்பில் கேட்டு வாங்க வேண்டும். மருத்துவர்கள் எவ்வளவு நல்ல மனதோடு இருந்தாலும் இந்த ஒரு கணக்கு சரியாகாவிட்டால் நோயாளி மறுபடியும் வேறு வரிசையில்தான் நிற்பார்.

எதிர்த்திசையிலும் சேர்க்கலாம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பி.பி. மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. எச்.ஐ.வி. மாத்திரையையும் அப்படியே கொடுத்துவிடலாமே என்று தோன்றும். இங்கே நான் தயங்குவேன். மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் அதே பகுதிப் பெண். அவர் எந்த வீட்டுக்கு எந்த டப்பாவைக் கொண்டுபோகிறார் என்பது தெருவுக்குத் தெரியும். கேட்டு, சம்மதித்தவர்களுக்கு மட்டும் என்றால் சரி. எல்லோருக்கும் பொதுவாக என்றால் சிலர் மாத்திரையையே விட்டுவிடுவார்கள். உடல்நிலை சீராக இருப்பவர்களுக்கு மூன்று மாத மாத்திரையை ஒரேயடியாகக் கொடுப்பது இதைவிடப் பாதுகாப்பான வசதி. அந்த மூன்று மாதமும் சுகர் மாத்திரையும் சேர்ந்தே தீரும்படி கொடுத்தால் வருகைகளும் ஒன்றாகிவிடும்.

வேறு ஊர்களில் நடந்தது

எச்.ஐ.வி. சிகிச்சையோடு மற்றவற்றையும் சேர்த்தால், இவ்வளவு காலம் பாடுபட்டு அடைந்த வைரஸ் கட்டுப்பாடு தளர்ந்துவிடாதா? நியாயமான பயம். இதற்குத் தான்சானியாவிலும் உகாண்டாவிலும் 32 சுகாதார நிலையங்களில் நடந்த ஒரு சோதனை பதில் தந்திருக்கிறது. 2023-இல் முடிவு வெளியானது. ஏழாயிரம் பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள். பாதி நிலையங்களில் எச்.ஐ.வி., சர்க்கரை, ரத்த அழுத்தம் மூன்றுக்கும் ஒரே மருத்துவர், ஒரே மருந்தகம், ஒரே காத்திருப்பு இடம். மறுபாதியில் வழக்கம்போலத் தனித்தனி. சேர்த்த இடத்திலும் சேர்க்காத இடத்திலும் எச்.ஐ.வி. உள்ளவர்களில் ஏறத்தாழ 97 சதவீதத்தினருக்கு வைரஸ் அடங்கியே இருந்தது. சர்க்கரை, பி.பி. நோயாளிகள் சிகிச்சையைத் தொடர்ந்த அளவும் சேர்த்த இடங்களில் குறையவில்லை.

ஒரே காத்திருப்பு இடம் என்பதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. எச்.ஐ.வி.க்கென்று தனிக் கதவு இருந்தால் அந்தக் கதவுக்குள் போகிறவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால், யார் எதற்கு வந்தார் என்று தெரியாது. நான் முன்பு சொன்ன தயக்கத்தோடு இது மோதுகிறது என்பது எனக்குத் தெரியும். கலந்து உட்கார்வது ரகசியத்தைக் காக்கும், ஆனால் பெயர் சொல்லி நோயைச் சொல்லிக் கூப்பிடாத ஊழியர்கள் இருந்தால்தான். ஆகவே ஊழியர்களுக்கான பயிற்சி முதலில், பெஞ்சை ஒன்றாக்குவது பிறகு.

சட்டம் இதில் நோயாளியின் பக்கம் நிற்கிறது. 2017-இல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டப்படி, ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது. அவருக்குச் சிகிச்சை தரும் ஒரு மருத்துவர், அதே சிகிச்சையில் பங்கெடுக்கும் இன்னொரு மருத்துவருக்கு, சிகிச்சைக்குத் தேவைப்பட்டால் தெரிவிக்கலாம். எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்காகச் சிகிச்சை மறுப்பதும் சட்டம் தடைசெய்த பாகுபாடு. ஒருங்கிணைந்த பதிவேடு, கணினிப் பதிவு என்று பேசும்போதெல்லாம் யார் எதைத் திறந்து பார்க்கலாம் என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டியிருப்பது இதனால்தான். பார்மசியில் இருப்பவருக்கு மாத்திரைப் பெயர் தெரிந்தால் போதும். ஓ.பி. சீட்டு பதிகிறவருக்கு எதுவும் தெரியத் தேவையில்லை.

சுகர், பி.பி. என்றே பேசிவிட்டேன். பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயும் இந்தப் பட்டியலில் வர வேண்டும். எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு அது வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல ஆறு மடங்கு. 25 வயதிலிருந்தே பரிசோதனை தொடங்க வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. மாத்திரை வாங்க வரும் நாளிலேயே இதையும் முடிப்பதைவிட எளிதான வழி இல்லை. மனச்சோர்வும் அப்படித்தான். ஆலோசகர் ஏற்கெனவே எதிரில் உட்கார்ந்திருக்கிறார், இன்னும் இரண்டு கேள்வி கேட்டால் போதும்.

நீங்களோ வீட்டில் ஒருவரோ எச்.ஐ.வி. மாத்திரை எடுப்பவரானால், முழு ஒருங்கிணைப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த முறை ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும், நாட்டு மருந்து, சத்து மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். மையத்தில் உங்களிடம் கொடுத்திருக்கும் பச்சைச் சிகிச்சைப் புத்தகத்தில் அவற்றை எழுதித் தரச் சொல்லுங்கள். பி.பி. பார்த்து எவ்வளவு நாளாயிற்று, சுகரும் கிரியாட்டினினும் கடைசியாக எப்போது எடுத்தது என்று கேளுங்கள். வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டியிருக்கலாம் என்பதால் அன்று காலை சாப்பிடாமல் வரலாமா என்று முதல் நாளே போன் செய்து கேட்டுக்கொண்டால் இன்னொரு பயணம் மிச்சம். வெளியில் வேறு மருத்துவரைப் பார்க்கும்போது எச்.ஐ.வி. என்று சொல்ல மனமில்லை என்றால், ஏ.ஆர்.டி. மருத்துவரிடமே அதைச் சொல்லுங்கள். எந்த மருந்தைத் தவிர்க்க வேண்டும், எதை எவ்வளவு இடைவெளி விட்டுப் போட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதித் தருவார். சந்தேகம் வந்தால் 1097 என்ற கட்டணமில்லா எண்ணில், பெயர் சொல்லாமலேயே கேட்கலாம்.